பி850 போதுமா, எக்ஸ்870இ வேண்டுமா: ஏஎம்5 மதர்போர்டில் பணம் எங்கே போகிறது?

ஏஎம்5 என்பது ஏஎம்டி-யின் டெஸ்க்டாப் ப்ராசசர் சாக்கெட். பி850, எக்ஸ்870, எக்ஸ்870இ என்பவை அதற்கான மதர்போர்டுகளின் சிப்செட் பெயர்கள்; சிப்செட் என்பது சாதனங்களை ப்ராசசரோடு இணைக்கும் துணைச் சில்லு. ரைசன் 7 9800எக்ஸ்3டி ப்ராசசரை 20,000 ரூபாய் பி850 போர்டில் போட்டாலும், 65,000 ரூபாய் எக்ஸ்870இ போர்டில் போட்டாலும், கேமில் கிடைக்கும் ஃப்ரேம் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றிரண்டு சதவீதம் கூடக்குறைய வந்தால் அது பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் வரும் வித்தியாசம். போர்டின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால் "எந்த போர்டு வேகமானது" என்று தேட ஆரம்பித்தாலே பாதை தவறிவிடும். கூடுதலாகக் கொடுக்கும் 45,000 ரூபாய் மூன்று விஷயங்களுக்குப் போகிறது: எத்தனை சாதனங்களை முழு வேகத்தில் சொருகலாம், பின்பக்கம் என்னென்ன போர்ட்டுகள் இருக்கின்றன, மெஷின் எழுந்திருக்காதபோது காரணத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். மிச்சம் அலுமினியமும் விளக்கும்.

முடிவைத் தீர்மானிப்பது முதல் விஷயம்தான். கடைக்காரர்கள் அதிகம் பேசாததும் அதுதான்.

லேன் கணக்கு

2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டில், ரைசன் 7000, 9000 வரிசை டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு மொத்தம் 28 பிசிஐஇ 5.0 லேன்கள். லேன் என்பது சாதனங்களுக்கும் ப்ராசசருக்கும் நடுவே தகவல் போகும் பாதை, 5.0 என்பது அதன் தலைமுறை. அதில் 4 சிப்செட்டோடு பேசுவதற்குப் போய்விடும். கையில் மிஞ்சுவது 24. கிராபிக்ஸ் கார்டுக்கு 16, போர்டிலேயே நேராகச் சொருகும் முதல் எம்.2 எஸ்எஸ்டிக்கு 4, பொதுப் பயனுக்கு 4. போர்டின் விலை 15,000 ஆனாலும் ஒரு லட்சம் ஆனாலும் இந்த 24 மாறாது, ஏனென்றால் அது ப்ராசசரில் இருக்கிறது. போர்டு தயாரிப்பவர் செய்வதெல்லாம் அதைப் பங்கு பிரிப்பதுதான்.

சிப்செட் வழியாகக் கிடைப்பது வேறு கணக்கு. எக்ஸ்870இ போர்டில் இரண்டு சிப்செட் சில்லுகள் ஒன்றன் வாலில் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். அதனால் 12 பிசிஐஇ 4.0 லேன், 8 பிசிஐஇ 3.0 லேன் கிடைக்கிறது. பி850-இல் ஒரே சில்லு. 8 நான்காம் தலைமுறை (4.0) லேன், 4 மூன்றாம் தலைமுறை (3.0) லேன். ஆனால் எத்தனை சில்லு கோத்தாலும், ப்ராசசருக்குப் போகும் பாதை ஒன்றுதான்: நான்கு லேன் பிசிஐஇ 4.0, அதாவது விநாடிக்குச் சுமார் 8 ஜிபி. சிப்செட்டில் மூன்று எஸ்எஸ்டி, 10 கிகாபிட் நெட்வொர்க், யுஎஸ்பி டிரைவ்கள் எல்லாம் தொங்கினாலும் அந்த ஒரே வழியில்தான் நெருக்கியடித்துப் போக வேண்டும். சாதாரண உபயோகத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்கு 500 ஜிபி வீடியோ நகலெடுக்கும்போது தெரியும்.

இப்போது பெயர்களில் இருக்கும் கண்ணிக்கு வருவோம். எக்ஸ்870 என்பது எக்ஸ்670இ-யைவிடப் பெரிய எண். ஆனால் எக்ஸ்670இ இரண்டு சில்லு, எக்ஸ்870 ஒரே சில்லு. எக்ஸ்870-ஐ பி850-இன் அண்ணன் என்று சொல்லலாமே தவிர எக்ஸ்870இ-யின் தம்பி என்று சொல்ல முடியாது. அதற்கும் பி850-க்கும் உள்ள முக்கிய வித்தியாசம், எக்ஸ்870-இல் யுஎஸ்பி4 (40 கிகாபிட் வேக போர்ட்) கட்டாயம், கிராபிக்ஸ் ஸ்லாட்டில் ஐந்தாம் தலைமுறை கட்டாயம். பி850-இல் இரண்டும் தயாரிப்பாளர் விருப்பம். எஸ்எஸ்டி ஸ்லாட்டில் மட்டும் ஐந்தாம் தலைமுறை கட்டாயம்.

அந்த யுஎஸ்பி4 சும்மா வரவில்லை. அதன் கன்ட்ரோலர் சில்லு ப்ராசசரின் பொதுப் பயன் லேன் நான்கையும் எடுத்துக்கொள்ளும். பி850 போர்டில் அதே நான்கு லேன் பெரும்பாலும் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டுக்கு நேராகப் போகும். ஆகவே நல்ல பி850 போர்டில் கிராபிக்ஸ் கார்டின் 16 லேனைத் தொடாமலே இரண்டு எஸ்எஸ்டிகள் ப்ராசசரோடு நேரடியாகப் பேசும். அதைவிட 15,000 அதிகம் கொடுத்து வாங்கும் எக்ஸ்870-இல் ஒன்றுதான் அப்படி. சில போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டும் யுஎஸ்பி4-உம் அந்த நான்கை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கு நான்கும் வேண்டுமென்றால் பயாஸில் யுஎஸ்பி4-ஐ அணைக்க வேண்டும். 40 கிகாபிட் வெளி எஸ்எஸ்டியோ டாக்கிங் ஸ்டேஷனோ வைத்திருப்பவருக்கு யுஎஸ்பி4 வரம். கீபோர்டும் மவுஸும் மட்டும் சொருகுபவருக்கு அது பூட்டி வைத்த அறை.

எக்ஸ்870இ போர்டுகளில் இன்னொன்று. பெட்டியில் "மூன்று ஜென்5 எம்.2" (ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி ஸ்லாட்) என்று போட்டிருப்பார்கள். முதல் ஸ்லாட்டுக்கு லேன் தனியாக இருக்கிறது. யுஎஸ்பி4 தன் பங்கை எடுத்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது ஸ்லாட்டுக்கு எங்கிருந்து வரும்? கிராபிக்ஸ் கார்டின் 16-இலிருந்துதான். அந்த ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைச் சொருகிய மறுநிமிடம் கார்டு 8 லேனுக்கு இறங்கும். விண்டோஸ் எந்த எச்சரிக்கையும் தராது.

இதனால் எவ்வளவு நஷ்டம் என்பது கார்டைப் பொறுத்தது. ஆர்டிஎக்ஸ் 5090 போன்ற ஐந்தாம் தலைமுறைக் கார்டுக்கு 8 லேன் கிடைத்தாலே பழைய 4.0-வின் 16 லேனுக்குச் சமம். கேமில் கண்ணுக்குத் தெரியாது. ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 4.0 வேகத்தில் 8 லேன் என்றால் சில கேம்களில் கொஞ்சம் இழப்பு. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ பிறவியிலேயே 8 லேன் கார்டு, அதற்கு நஷ்டமே இல்லை. ஆனால் முழு 16 லேனுக்காக அதிக விலை கொடுத்துவிட்டு, இடம் தெரியாமல் எஸ்எஸ்டியைச் சொருகிப் பாதியாக்கிக்கொள்வது வருத்தம்தான்.

சரிபார்ப்பது எளிது. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து "பஸ் இன்டர்ஃபேஸ்" வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் சேமிக்க 1.1 வேகத்தில் கிடக்கும், பயந்துவிட வேண்டாம். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் உண்மை வரும். 16 லேன் கார்டுக்கு "@ எக்ஸ்8" என்று காட்டினால் எஸ்எஸ்டி தவறான ஸ்லாட்டில் இருக்கிறது.

வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமானால், தயாரிப்பாளரின் தளத்தில் போர்டின் மேனுவல் பிடிஎஃப் கிடைக்கும். அதில் எந்த ஸ்லாட் எதோடு லேன் பகிர்கிறது என்ற அட்டவணை ஒரு பக்கம் இருக்கும். யூடியூப் விமர்சனம் பத்து பார்ப்பதைவிட அந்த ஒரு பக்கம் மேல்.

ஏபியு (வலுவான கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கும் ப்ராசசர்) போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: ரைசன் 7 8700ஜி-யில் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு 8 லேன்தான், அதுவும் 4.0. 8500ஜி-யில் வெறும் 4. உயர்ரக போர்டில் இவற்றைப் போட்டால் சில ஸ்லாட்டுகள் வேகம் குறையும், சில வேலையே செய்யாது. போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து அலைபவர்கள் உண்டு.

விஆர்எம்: எவ்வளவு போதும்?

விஆர்எம் என்பது ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி, ஃபேஸ் அதன் கிளை. "18+2+2 ஃபேஸ், 110 ஆம்பியர்" என்று பெட்டியில் பெரிதாக எழுதுகிறார்கள். 18-ஐ 110-ஆல் பெருக்கினால் 1,980 ஆம்பியர். 170 வாட் டிடிபி (தயாரிப்பாளர் குறிப்பிடும் வெப்ப அளவு) உள்ள ரைசன் 9 9950எக்ஸ், சாதாரண அமைப்பில் சாக்கெட்டிலிருந்து எடுக்கும் உச்ச மின்சாரம் 200 வாட், 225 ஆம்பியர். 9800எக்ஸ்3டி-க்கு 162 வாட், 180 ஆம்பியர். 65 வாட் 9700எக்ஸ்-க்கு 88 வாட். அதாவது 12 அல்லது 14 ஃபேஸ், நல்ல ஹீட்சிங்க் உள்ள பி850 போர்டே 9950எக்ஸ்-ஐ நாள் முழுக்க ரெண்டர் ஓடவைக்கும். திரவ நைட்ரஜன் ஊற்றி ஓவர்க்ளாக் செய்பவர்களுக்குத்தான் அதற்கு மேல் தேவை.

தவிர்க்க வேண்டியது அடிமட்டம்: விஆர்எம் மேல் ஹீட்சிங்கே இல்லாத மலிவு போர்டில் 16 கோர் ப்ராசசர். சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் கேபினட்டுக்குள் காற்றே 45 டிகிரியைத் தொடும். விஆர்எம் சூடேறி ப்ராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். ஏஐஓ வாட்டர் கூலர் போடுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டவர் கூலரின் ஃபேன் சாக்கெட்டைச் சுற்றியும் காற்று வீசும். ஏஐஓவில் அந்தக் காற்று கிடையாது. பின்பக்க ஃபேனை நிறுத்திவிடாதீர்கள்.

ரேம் பக்கத்தில் ஏமாற்றம் அதிகம்

"8000+ ஆதரவு" என்பது உயர்ரக போர்டு விளம்பரத்தில் தவறாமல் வரும். ஏஎம்5-இல் மெமரி கன்ட்ரோலர் ரேமோடு ஒன்றுக்கு ஒன்று ஓடுவது பொதுவாக 6000 அல்லது 6400 வரை. 8000-க்குப் போனால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கும். கேமில் ஆதாயம் மிகக் குறைவு. டிடிஆர்5-6000, சிஎல்30 (தாமத அளவு), எக்ஸ்போ புரொஃபைல் (ரேமை அறிவித்த வேகத்தில் ஓட்டும் ஏஎம்டி அமைப்பு), இரண்டு ஸ்டிக். இதை பி850-உம் அலுங்காமல் ஓட்டும்.

நான்கு ஸ்டிக் போடும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். நான்கு ஸ்டிக்குக்கு ஏஎம்டி உத்தரவாதம் தருவது 3600 மட்டுமே. ஒரு லட்சம் ரூபாய் போர்டும் இதை மாற்றாது, மெமரி கன்ட்ரோலர் ப்ராசசருக்குள் இருப்பதால். 64 ஜிபி வேண்டுமென்றால் 32-இல் இரண்டு, 96 வேண்டுமென்றால் 48-இல் இரண்டு. இப்போது 16-இல் இரண்டு வாங்கி, பிறகு இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்ற திட்டம் டிடிஆர்4 காலத்தோடு போயிற்று.

உயர்ரக போர்டு உண்மையில் எங்கே உதவுகிறது

மெஷின் எழுந்திருக்காத அன்று. இரண்டு இலக்கக் குறியீட்டைக் காட்டும் சிறு திரை, போர்டிலேயே பவர் பட்டன், பின்பக்கம் சிமாஸை (சேமித்து வைத்த பயாஸ் அமைப்புகளை) அழிக்கும் பட்டன், பயாஸ் ஃப்ளாஷ்பேக், சிலவற்றில் இரட்டை பயாஸ். பி850-இல் பெரும்பாலும் ப்ராசசர், டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் மட்டும். எந்தப் பகுதியில் கோளாறு என்று விளக்கு சொல்லும். எந்தக் கட்டத்தில் என்று குறியீடு சொல்லும். வருடத்துக்கு ஒரு மெஷின் கட்டுபவருக்கு விளக்கு போதும். ரேம் டைமிங்கை நோண்டிக்கொண்டே இருப்பவருக்கு அந்தத் திரையும் சிமாஸ் பட்டனும் கொடுத்த காசுக்கு உழைக்கும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றாமல் ஜம்பரைத் தொட முடியாத போர்டில் இரவு பதினோரு மணிக்கு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தவருக்கு இது புரியும்.

பயாஸ் ஃப்ளாஷ்பேக் மட்டும் விலக்க முடியாத வசதி. நல்ல வேளையாக இப்போது நடுத்தர போர்டுகள் பலவற்றில் வந்துவிட்டது. ப்ராசசர், ரேம் எதுவும் தேவையில்லை; 24 பின் கேபிளும் 8 பின் ப்ராசசர் கேபிளும் மட்டும் போட்டு, ஃபேட்32-இல் ஃபார்மட் செய்த பென்டிரைவில் மேனுவல் சொல்லும் பெயரில் பயாஸ் கோப்பை வைத்து, குறியிட்ட யுஎஸ்பி போர்ட்டில் சொருகிப் பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு மின்னுவது நிற்கும் வரை கை வைக்கக் கூடாது. விளக்கு சில விநாடிகளிலேயே நின்றால் பெயரோ ஃபார்மட்டோ தவறு.

பயாஸ் புதுப்பிப்பது சம்பிரதாயம் அல்ல. 2023 ஏப்ரலில் 7000எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில சாக்கெட்டோடு சேர்ந்து எரிந்தன. எக்ஸ்போவை இயக்கியதும் போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசசரின் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்தை) அளவுக்கு மீறி ஏற்றியதுதான் விவகாரம். பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் கட்டுப்படுத்தியது. எரிந்தவற்றில் விலை உயர்ந்த போர்டுகளும் இருந்தன. எந்த போர்டானாலும் முதல் வேலை புதிய பயாஸ், அடுத்தது எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது.

10 கிகாபிட் நெட்வொர்க் போர்ட், வீட்டில் நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு. 300 எம்பிபிஎஸ் ஃபைபருக்கு 2.5 கிகாபிட்டே மிச்சம். ஆடியோ சில்லைப் பற்றிக் கவலைப்படுபவர் தனி யுஎஸ்பி டிஏசி (ஒலியை மாற்றித் தரும் வெளிச் சாதனம்) வாங்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

கட்டும்போது எங்கே சறுக்கும்

உயர்ரக போர்டுகளில் பல இ-ஏடிஎக்ஸ். சாதாரண ஏடிஎக்ஸ் அகலம் 24.4 செ.மீ, இவை 27.7 வரை போகும். கேபினட்டில் பொருந்தும் என்று எழுதியிருக்கும், பொருந்தவும் பொருந்தும், ஆனால் கேபிள் நுழையும் ரப்பர் ஓட்டைகளை மூடிவிடும். உயரமான விஆர்எம் ஹீட்சிங்க், மேலே வைக்கும் ரேடியேட்டரில் இடிக்கும். ரேடியேட்டர் 27, ஃபேன் 25, மொத்தம் 52 மி.மீ. போர்டின் மேல் விளிம்புக்கு மேல் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். ப்ராசசர் பவர் கேபிளை ரேடியேட்டர் பொருத்துவதற்கு முன்பே சொருகிவிட வேண்டும். பின்னால் கை நுழையாது. இரண்டு 8 பின் சாக்கெட்டில் ஒன்று போட்டாலே 9800எக்ஸ்3டி ஓடும்.

ஏஎம்5-இல் பின்கள் 1,718-உம் போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வாரண்டி போய்விடும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ கவுன்டரில் வாங்கினால், பணம் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வளைந்த பின் வரிசையில் தனியாக மின்னும். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். சாக்கெட்டின் கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிடக் கூடாது, சர்வீஸ் சென்டரில் கேட்பார்கள்.

எம்.2 ஹீட்சிங்க் அடியில் இருக்கும் தெர்மல் பேடின் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மூடிவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. இதனால் விநாடிக்கு 14,000 எம்பி படிக்கும் ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி 80 டிகிரியைத் தாண்டித் தன் வேகத்தைத் தானே அறுத்துக்கொள்ளும். மேல், கீழ் இரண்டு பேடிலும் தாள் இருக்கும்.

ரேம் ஏ2, பி2: ப்ராசசர் பக்கமிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட். முதல் தடவை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருக்கும், டிரேம் விளக்கு எரியும். அது கோளாறு இல்லை, ரேம் ட்ரெயினிங். 32 ஜிபிக்குச் சில நிமிடம், 96 ஜிபிக்கு இன்னும் அதிகம். பதறி பவரை அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கால் மணி நேரம் பொறுத்தும் வரவில்லையென்றால் ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2-வில் விட்டு முயலுங்கள். ஒவ்வொரு முறையும் இந்தத் தாமதம் வேண்டாமென்றால் பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை இயக்கலாம். கூடவே பவர் டவுன் எனேபிளையும் இயக்க வேண்டும். முதலாவதை மட்டும் போட்டால் நீலத் திரை வரும் வாய்ப்பு உண்டு.

கார்டைச் செங்குத்தாக வைக்க 4.0 ரைசர் கேபிள் போடுபவர்கள் பயாஸில் ஸ்லாட் வேகத்தை ஆட்டோவிலிருந்து ஜென்4-க்கு மாற்ற வேண்டும். ஐந்தாம் தலைமுறைக் கார்டு 5.0-இல் பேச முயன்று கேபிள் தாங்காமல் திரை வராது. முதலில் கார்டை நேராகச் சொருகி அமைப்பை மாற்றிவிட்டு, பிறகு ரைசருக்குப் போகலாம்.

புதிய வைஃபை 7, 5 கிகாபிட் சில்லுகளுக்கு விண்டோஸ் 11 நிறுவலில் டிரைவர் இருக்காது. நிறுவலோ இணையம் இல்லாமல் நகராது. நெட்வொர்க் டிரைவரை ஜிப்பிலிருந்து பிரித்து வேறொரு பென்டிரைவில் முன்கூட்டியே வைத்துக்கொண்டால் அங்கேயே ஏற்றிவிடலாம். போன் யுஎஸ்பி டெதரிங்கும் கைகொடுக்கும்.

இன்டெல் இசட்890, த்ரெட்ரிப்பர்

எஸ்எஸ்டி நிறையச் சொருகுபவர் இன்டெலின் இசட்890 சிப்செட்டையும் பார்க்க வேண்டும். சிப்செட்டுக்கும் ப்ராசசருக்கும் நடுவே 8 லேன் பாதை, ஏஎம்5-ஐப் போல இரு மடங்கு அகலம். சிப்செட்டில் 24 நான்காம் தலைமுறை லேன். தண்டர்போல்ட் 4 ப்ராசசரிலேயே இருப்பதால் கிராபிக்ஸ் லேனைத் தின்பதில்லை. வீடியோ எடிட்டிங் மெஷினுக்கு இது சரியான அமைப்பு. கேமில் 9800எக்ஸ்3டி முன்னே நிற்கிறது. ஏஎம்5 சாக்கெட்டை 2027-உம் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னாளில் ப்ராசசரை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு அது பெரிய விஷயம்.

ஏஐ வேலைக்கு இரண்டு கார்டு வேண்டுவோருக்கு எக்ஸ்870இ-யில் 8+8 லேனாகப் பிரிக்கும் போர்டுகள் உண்டு, எல்லாம் அல்ல. மூன்று ஸ்லாட் தடிமன் உள்ள கார்டென்றால் இரண்டுக்கும் நடுவே காற்றுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூன்று கார்டு என்றால் அது ஏஎம்டி-யின் வொர்க்ஸ்டேஷன் வரிசையான டிஆர்எக்ஸ்50 த்ரெட்ரிப்பர் வேலை. ரேமும் ரெஜிஸ்டர்டு வகை, செலவு வேறு தளத்துக்குப் போய்விடும்.

அப்படியானால் எது?

ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்எஸ்டி, கேம், கொஞ்சம் எடிட்டிங் என்றால் 20,000 முதல் 28,000 வரை உள்ள பி850 போர்டு. கிராபிக்ஸ் ஸ்லாட் 5.0, ஃப்ளாஷ்பேக், விஆர்எம் ஹீட்சிங்க் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மிஞ்சும் 25,000-ஐக் கார்டில் போட்டால் ஆர்டிஎக்ஸ் 5070 வாங்க நினைத்தவர் 5070 டிஐ-யை எட்டிவிடலாம். அந்த வித்தியாசம் திரையில் தெரியும்.

யுஎஸ்பி4 வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்பவருக்கு மட்டும் எக்ஸ்870. மற்றவர்களுக்கு அது நடுவில் மாட்டிக்கொண்ட விலை.

நான்கு எஸ்எஸ்டிக்கு மேல், கூடவே கேப்சர் கார்டோ 10 கிகாபிட் கார்டோ என்றால் 40,000 முதல் 50,000 வரையிலான எக்ஸ்870இ. வாங்கும் முன் உங்கள் சாதனங்களை மேனுவலின் அட்டவணையில் ஒவ்வொன்றாக ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். கார்டு 16-இலேயே நின்றால் அந்த போர்டு. 70,000-க்கு மேல் போவது ரேம் ஓவர்க்ளாக்கிங் பொழுதுபோக்காக உள்ளவர்களுக்கும், கண்ணாடிக் கேபினட்டில் அழகு பார்ப்பவர்களுக்கும். அதில் தப்பொன்றும் இல்லை, பணம் அவர்களுடையது.

பழைய சரக்கில் எக்ஸ்670இ தள்ளுபடியில் கிடைத்தால் விடாதீர்கள். சிப்செட் இரண்டு சில்லுதான், பல போர்டுகளில் யுஎஸ்பி4 லேனைப் பிடித்துக்கொள்ளாது. 9000 வரிசை ப்ராசசர் போடுவதானால் 2024 நடுவுக்குப் பிந்தைய பயாஸ் தேவை, அதனால் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாரண்டி பில் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறதா, தயாரிப்புத் தேதியிலிருந்தா என்பதையும் கடையில் எழுதி வாங்கிவிடுங்கள்.